51.20 சதவீதம்: கணக்கு எங்கே இடித்தது?

கேள்வி: 2024 வெனிசுவேலா தேர்தலில் அப்போதைய அதிபர் மதுரோவே வென்றதாக அறிவித்த முடிவு மோசடி என்கிறார்கள். எந்திரத்தில் பதிவான வாக்கை வெளியாட்கள் எப்படி நிரூபிக்க முடியும்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: எந்திரத்தைத் திறக்கும் அவசியமே வரவில்லை. அங்கே திரையைத் தொட்டு வாக்களித்ததும் ஒரு சீட்டு வரும். வாக்காளரே அதைப் படித்துப் பார்த்துப் பெட்டியில் போடுவார். பதிவு முடிந்ததும், யாருக்கு எத்தனை வாக்கு என்று அந்தச் சாவடியின் முடிவை எந்திரம் நீளத் தாளில் அச்சிடும். 'அக்தா' என்று பெயர். அதை அச்சிட்ட பிறகுதான் முடிவைத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். சாவடி அலுவலர்களும் கட்சி முகவர்களும் தாளில் கையெழுத்திடுவார்கள். கியூஆர் குறியீடும் உண்டு. முகவருக்கு ஒரு பிரதி தர வேண்டும்.

எதிரணி குறிவைத்தது இந்தப் பிரதியைத்தான். வாக்குப்பதிவு நாளான ஜூலை 28 இரவு சில சாவடிகளில் முகவர்களை வெளியேற்றினார்கள், பிரதி தர மறுத்தார்கள். அப்படியும் மொத்தம் சுமார் 30,000 தாள்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கைக்கு வந்துவிட்டது. ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினார்கள். அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் அவரவர் சாவடித் தாளைப் பார்க்கலாம். அவற்றைக் கூட்டினால் எதிரணி வேட்பாளர் எட்மண்டோ கொன்சாலஸுக்கு சுமார் 67 சதவீதம், மதுரோவுக்கு சுமார் 30.

கேள்வி: அந்தத் தேர்தலை நடத்திய தேர்தல் மன்றம் சொன்ன கணக்கில் என்ன தப்பு? (அதே வாசகர்)

பதில்: முதல் அறிவிப்பில் மதுரோவுக்கு 51,50,092, கொன்சாலஸுக்கு 44,45,978, மற்றவர்களுக்கு 4,62,704. கூட்டுத்தொகை 1,00,58,774. மதுரோவுக்கு அறிவித்தது 51.20 சதவீதம்; கூட்டுத்தொகையை 0.512ஆல் பெருக்கிப் பாருங்கள்: 51,50,092.288. அடுத்தது கொன்சாலஸின் 44.2 சதவீதம் (0.442), பிறகு மற்றவர்களின் 4.6 (0.046). மூன்றுமே முழு எண்ணாக்கினால் அச்சு அசல் பொருந்தும். நிஜ வாக்குகளை வகுத்தால் தசமப் புள்ளிக்குப் பின் இப்படித் துடைத்துவிட்டது போல வராது. சதவீதத்திலிருந்து வாக்கை எழுதியிருக்கிறார்கள் என்பது என் முடிவு. சதவீதம் மட்டுமே கையில் இருந்த ஓர் அதிகாரி பெருக்கி எழுதியிருக்கலாம் என்ற சமாதானத்துக்கும் இடமுண்டு. ஆகவே மோசடி பற்றி இது சந்தேகம்தான். சான்று தாள்களில் இருக்கிறது. மன்றம் தன்னிடமுள்ள தாள்களைச் சாவடிவாரியாக வெளியிட்டிருந்தால் ஒரே நாளில் வழக்கு தீர்ந்திருக்கும். ஹேக்கிங் நடந்ததாகச் சொல்லி வெளியிடவே இல்லை. அழைப்பின் பேரில் பார்வையிட்ட அமெரிக்கத் தேர்தல் கண்காணிப்பு அமைப்பான கார்ட்டர் மையம், இது ஜனநாயகத் தேர்தல் ஆகாது என்றது. 2025 ஜனவரி 10இல் மதுரோ பதவியேற்றார்.

கேள்வி: நம் நாட்டில் முகவருக்கு அப்படித் தாள் கிடைக்குமா? (தேனி வாசகர்)

பதில்: படிவம் 17சி என்ற வாக்குக் கணக்குப் படிவம் கிடைக்கும். ஆனால் அதன் முதல் பகுதியில் அந்தச் சாவடியில் பதிவான மொத்த வாக்குதான் இருக்கும்; வேட்பாளர்வாரிக் கணக்கு எண்ணும் நாளில்தான் தெரியும். எனவே பிரதி வாங்கும்போது வாக்கு எந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவி எண், காகித முத்திரைகளின் எண்கள், மொத்த வாக்கு மூன்றையும் சரிபாருங்கள். எண்ணும் மேசையில் அதே கருவி எண்தானா, மொத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேறு ஆவணம் உங்கள் கையில் இருக்காது. மாலையில் அலுப்பில் பிரதி வாங்காமல் கிளம்பிவிடும் முகவர்கள்தான் அதிகம் சிக்கலில் மாட்டுகிறார்கள்.