கேள்வி – பதில்: பழைய கார் ஸ்டீரியோவில் டிஜிட்டல் வானொலி

கேள்வி: என் கார் ஸ்டீரியோவில் எஃப்.எம். மட்டுமே வருகிறது. ஸ்டீரியோவை மாற்றாமல், டிஜிட்டல் வானொலி வாங்கியை (ரிசீவர்) தனியாக இணைத்துக்கொள்ள முடியுமா? ஒலி தெளிவாக இருக்குமா?

பதில்: தாராளமாக இணைக்கலாம். ஆனால், உங்கள் நாட்டின் ஒலிபரப்பு முறை எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் டி.ஏ.பி. பிளஸ், அமெரிக்காவில் எச்.டி. ரேடியோ, இந்தியாவின் அகில இந்திய வானொலியில் டி.ஆர்.எம். என்று முறைகள் வேறுபடுகின்றன. ஒன்றுக்கென மட்டும் செய்த வாங்கியில் மற்றொன்று ஒலிக்காது. டி.ஏ.பி. பிளஸ் உள்ள இடங்களில், பழைய டி.ஏ.பி. மட்டுமே அறிந்த கருவியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட வேண்டாம். புதிய முறையின் ஒலிக்குறியீட்டை அதனால் பிரித்துப் படிக்க இயலாது.

ஒலியைக் கருவியிலிருந்து ஸ்டீரியோவுக்குக் கொண்டுசெல்ல ஸ்டீரியோவின் வெளி ஒலி உள்ளீட்டுத் துளையில் (ஆக்ஸ்) செருகும் ஆக்ஸ் கம்பியே மிகச் சிறந்தது. பல கருவிகள் காலியான ஓர் எஃப்.எம். அலைவரிசையில் தாங்களே மெலிதாக ஒலிபரப்பி, அதை ஸ்டீரியோ பிடித்துக்கொள்ளும்படி அமைந்துள்ளன. நிலையங்கள் நெருங்கியிருக்கும் நகரங்களில் இதில் இரைச்சல் கலந்துவிடும் என்பதால், டிஜிட்டலுக்காகச் செலவிட்டதன் பயனே குறைந்துபோகிறது. ஆக்ஸ் துளை இல்லையென்றால், ஆன்டெனா கம்பியின் நடுவே பொருத்தி, ஒலியை எஃப்.எம். அலையாக்கிக் கம்பி வழியே ஸ்டீரியோவுக்குத் தரும் எஃப்.எம். மாடுலேட்டர் இதைவிட நல்ல வழி.

என்னைக் கேட்டால், கருவியைவிட ஆன்டெனாவுக்கே அதிகக் கவனம் தேவை. எஃப்.எம். ஏறத்தாழ 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்க, டி.ஏ.பி. 174 முதல் 240 வரையிலான அலைவரிசையில் வருவதால், காரில் ஏற்கெனவே உள்ள ஆன்டெனாவை அப்படியே நம்ப முடியாது. முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டும் ஆன்டெனாவுக்கு, அதன் தரையிணைப்புப் (எர்த்) பட்டை, கண்ணாடியின் பக்கத்தில் கூரையைத் தாங்கும் தூணின் உலோகத்தோடு நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடியின் மேல் ஒட்டினால் அலை வலுவிழக்கும். வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி அலையையும் தடுத்துவிடும் என்பதால், அத்தகைய கார்களுக்குக் கூரையில் பொருத்தும் ஆன்டெனாவே ஏற்றது. தூணுக்குள் காற்றுப்பை இருந்தால், அது விரியும் பாதையில் கம்பி குறுக்கிடவே கூடாது. இதில் ஐயம் இருந்தால் பொருத்தும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

அலை குறைந்தால் எஃப்.எம். இரைந்துகொண்டேனும் கேட்கும், டிஜிட்டலோ நீர் குமிழியிடுவதுபோல் விட்டுவிட்டு ஒலித்து, சட்டென அடங்கிவிடும்.

கேள்வி: எஃப்.எம். நிறுத்தப்படும் என்கிறார்களே, உடனே மாற்ற வேண்டுமா?

பதில்: அது நாட்டைப் பொறுத்தது. நார்வேயில் தேசிய நிலையங்கள் 2017-இல் எஃப்.எம்.மிலிருந்து விலகின, சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 இறுதியில் நிறுத்தியது. நீங்கள் விரும்பிக் கேட்கும் நிலையங்கள் எஃப்.எம்.மில் தொடரும்வரை அவசரமில்லை. அவை டிஜிட்டலில் மட்டுமே கிடைக்கின்றன என்றால் இப்போதே மாற்றிக்கொள்ளலாம்.