காத்ர் என்றால் எக்ஸிகியூட்டிவா? பாரிஸுக்கு வரும் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி மேலே எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறீர்கள். அதே குழுமத்தின் பாரிஸ் அலுவலகத்துக்கு, பிரெஞ்சு ஒப்பந்தத்திலேயே வரப்போகிறீர்கள். அதில் "காத்ர், பொசிசியோன் 3.1, கோஎஃபிசியான் 170, ஃபோர்ஃபே ஜூர் 218" என்று இருக்கிறது. கூட வந்த ஆங்கிலப் படியில் காத்ர் என்ற இடத்தில் "எக்ஸிகியூட்டிவ்" என்று போட்டிருக்கிறார்கள். "அக்கா, நம்ம ஊரில் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் என்றால் புதிதாகச் சேர்ந்த பையன். அமெரிக்கக் கம்பெனியில் எக்ஸிகியூட்டிவ் என்றால் மேல்மட்ட ஆள். இதில் நான் யார்? லிங்க்ட்இன்னில் என்ன போடுவது?" என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டு பேரும் இல்லை. காத்ர் என்பது நீங்கள் செய்யும் வேலையின் பெயரே இல்லை, அது பொறியாளர், மேலாளர் போன்ற உயர்நிலை ஊழியர்களுக்கான ஒரு சட்ட நிலை. நான் இங்கே பிரான்ஸில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். பிரெஞ்சு ஆவணங்களுக்கு ஆங்கிலப் படி தயாரிப்பது என் வேலையில் பெரும்பகுதி. புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இந்த ஒரு சொல்லில்தான்.

1947-ல் காத்ர்களுக்கென்று தனி ஓய்வூதிய அமைப்பு ஒன்று உருவானது, அதன் பெயர் அஜிர்க். மற்றவர்களுக்கான ஆர்கோ அமைப்போடு அதை 2019 ஜனவரியில்தான் இணைத்தார்கள். ஓய்வூதியம் ஒன்றாகிவிட்டாலும் காத்ர் என்ற நிலை போகவில்லை. தகுதிகாண் காலத்தைப் பாருங்கள்: சட்டப்படி தொழிலாளர், எழுத்தர் போன்றோருக்கு அதிகபட்சம் 2 மாதம், டெக்னீஷியன், மேற்பார்வையாளர்களுக்கு 3 மாதம், காத்ருக்கு 4 மாதம். துறை ஒப்பந்தம் இடம் கொடுத்தால் ஒரு முறை நீட்டி, காத்ருக்கு 8 மாதம் வரை போகலாம். அதுவரை நிறுவனமும் எளிதாக விலக்கலாம், நீங்களும் எளிதாக விலகலாம். வீட்டு வாடகை ஒப்பந்தம், குடும்பத்தை அழைத்து வருவது, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் இந்த மாதங்களை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். அப்புறம், காத்ராக இருக்க உங்களுக்குக் கீழே யாரும் இருக்க வேண்டியதில்லை. தனியாக உட்கார்ந்து கோட் எழுதும் பொறியாளரும் இங்கே காத்ர்தான். அதனால் "மேனேஜர்" என்று மொழிபெயர்ப்பதும் தப்பு.

ஒப்பந்தத்தில் உள்ள பொசிசியோன் (படிநிலை) 3.1, கோஎஃபிசியான் (அந்தப் படிநிலைக்கான சம்பளக் குறியீடு) 170 என்ற எண்கள்தான் உங்கள் உண்மையான இடத்தைச் சொல்கின்றன. அவை சின்தெக் என்ற துறை ஒப்பந்தத்தில் இருந்து வருகின்றன. ஐ.டி. சேவை, ஆலோசனை நிறுவனங்கள் பெரும்பாலும் அதன் கீழ் வரும். பொறியாளர்களுக்கும் காத்ர்களுக்கும் அது 1.1-ல் (கோஎஃபிசியான் 95) தொடங்கி 3.3-ல் (270) முடிகிறது. குறைந்தபட்சச் சம்பளம் இந்த எண்ணோடு கட்டப்பட்டது. 3.1 என்பது நல்ல அனுபவம் உள்ளவர், ஆனால் பொதுவாக ஒரு மேலதிகாரியின் கீழ் வேலை செய்பவர், முழுமையான நிரந்தரப் பொறுப்பு அந்த மேலதிகாரியிடமே இருக்கும். ஆக, டீம் லீடாக இருந்த உங்களுக்கு இது இறக்கம் இல்லை. எக்ஸிகியூட்டிவ் என்று நெஞ்சை நிமிர்த்தவும் இடமில்லை. பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தில் "காத்ர் திரிஜான்" என்று தனி வகை ஒன்று உண்டு. தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்பவர், பெரிய முடிவுகளைத் தானே எடுப்பவர், நிறுவனத்தின் உச்ச சம்பள வரிசையில் இருப்பவர். வேலைநேர விதிகள் அவருக்குப் பொருந்தாது. சீனியர் எக்ஸிகியூட்டிவ் என்று ஆங்கிலத்தில் சொல்லத் தகுந்தவர் அவர்தான். உங்கள் காத்ருக்கு நான் "புரொஃபெஷனல் ஸ்டாஃப், காத்ர் நிலை" என்று எழுதி, பிரெஞ்சுச் சொல்லையும் அப்படியே விட்டுவிடுவேன்.

"ஃபோர்ஃபே ஜூர் 218" என்பதில் 218 என்பது ஆண்டில் நீங்கள் வேலை செய்ய வேண்டிய நாட்கள். ஆங்கிலப் படியில் இதைப் பெரும்பாலும் "ஃபிக்ஸட் டேஸ்" என்று வெறுமனே போட்டுவிட்டுப் போகிறார்கள். பொருள் இதுதான்: உங்கள் வேலையை மணிக்கணக்கில் எண்ண மாட்டார்கள், வாரம் 35 மணி நேரம் என்ற கணக்கு உங்களுக்கு இல்லை, அதனால் ஓவர்டைமும் இல்லை. பதிலுக்கு, வார இறுதி, பொது விடுமுறை, ஆண்டு விடுப்பு எல்லாம் போக 218-க்கு மேல் மீதியாகும் நாட்கள் ஓய்வு நாட்களாகக் கிடைக்கும், ஆர்.டி.டி. என்று எல்லோரும் அழைப்பார்கள். ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் தொடங்கும் முன் 11 மணி நேர ஓய்வும், வாரத்தில் தொடர்ந்து 35 மணி நேர ஓய்வும் உங்களுக்குக் கட்டாயம். சென்னைக் குழுவோடு நேர வித்தியாசத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு மீட்டிங் முடிந்தால் மறுநாள் காலை ஒன்பதுக்கு முன் உங்களை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. கூச்சப்படாமல் சொல்லுங்கள், இங்கே அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மேலே இருப்பவர்களின் பதவிப் பெயர்களும் உங்களைத் தடுமாற வைக்கும். பே-தே-ஜே என்றால் இயக்குநர் குழுவின் தலைவரும் நிறுவனத்தை நடத்துபவரும் ஒரே ஆள், ஆங்கிலத்தில் சேர்மன் அண்ட் சி.இ.ஓ. இந்த இரண்டு நாற்காலிகளையும் தனித்தனி ஆட்களுக்குக் கொடுக்க 2001-ல் ஒரு சட்டம் வழி செய்தது. அப்படிப் பிரித்த நிறுவனத்தில் திரெக்தேர் ஜெனெரால்தான் சி.இ.ஓ. அவரை "ஜெனரல் டைரக்டர்" என்று எழுதினால் லண்டன்காரருக்கு ஒன்றும் விளங்காது. பிரிட்டனில் டைரக்டர் என்றால் இயக்குநர் குழு உறுப்பினர், பிரெஞ்சில் அவர் அத்மினிஸ்த்ராதேர். அதை அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாற்றிப் பெரிய மனிதரை அலுவலக நிர்வாகி ஆக்கிய ஆவணங்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. திரெக்தேர் ஜெனெரால் தெலெகே என்பது சட்டம் அறிந்த பதவி, ஒரு நிறுவனத்தில் ஐந்து பேருக்கு மேல் இருக்க முடியாது. திரெக்தேர் ஜெனெரால் அட்ஜுவான் என்பது நிறுவனம் தானாக வைத்துக்கொள்ளும் பெயர். ஆங்கிலத்தில் இருவரும் டெபுடி சி.இ.ஓ. ஆகிவிடுகிறார்கள். நிறுவனத்தின் பெயரில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று வரும்போது மட்டும் இந்த வித்தியாசம் முக்கியம்.

இதைவிட முக்கியமான ஒன்று. சில ஆண்டுகளில் ஒரு பிரிவுக்கோ கிளைக்கோ பொறுப்பு கொடுத்து, "தெலெகாசியோன் து புவ்வார்" என்று ஒரு தாளை உங்கள் முன் நீட்டலாம். ஆங்கிலப் படியில் "டெலிகேஷன் ஆஃப் அத்தாரிட்டி" என்று இருக்கும். சென்னையில் அந்தப் பெயரில் வருவது செலவுக்கு ஒப்புதல் கொடுக்கும் வரம்புப் பட்டியல். இங்கே அது வேறு. தொழிலாளர் பாதுகாப்பு போன்ற விஷயங்களில் நிறுவனத் தலைவருக்கு உள்ள குற்றவியல் பொறுப்பையே உங்கள் தலைக்கு மாற்றக்கூடிய தாள் அது. அந்த வேலைக்கான திறமை, உத்தரவிடும் அதிகாரம், தேவையான பணமும் ஆட்களும், இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால்தான் நீதிமன்றங்கள் அதை ஏற்கும். ஆகவே பட்ஜெட்டும் ஆட்களும் கையில் தராமல் அந்தத் தாளை மட்டும் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். தொழிற்சங்கப் பிரதிநிதியிடமோ வழக்கறிஞரிடமோ காட்டுங்கள்.

அன்றாட மின்னஞ்சல் சின்ன விஷயம். பிரெஞ்சுச் சக ஊழியர் ஆங்கிலத்தில் "ஈவென்ச்சுவலி" என்று எழுதினால் பெரும்பாலும் "ஒருவேளை" என்ற பொருள், கடைசியில் நடந்தே தீரும் என்று திட்டம் போட்டுவிடாதீர்கள். "டிலே" என்றால் தாமதமாக இருக்காது, கெடு தேதியாக இருக்கலாம். "ஐ டிமாண்ட்" என்று வந்தால் கோபம் வேண்டாம், அவர் கேட்கத்தான் செய்கிறார். "டர்ன்ஓவர்" என்றால் இவர்கள் ஆட்கள் வேலையை விட்டுப் போவதைச் சொல்கிறார்கள், விற்பனைத் தொகையை இல்லை. என்-ப்ளஸ்-உன் (N+1) என்பவர் உங்கள் நேரடி மேலதிகாரி.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வெளிநாட்டு ஊழியர் கேட்டால் ஒப்பந்தத்தை அவர் மொழியில் மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது. இரண்டு படிகளும் நீதிமன்றத்தில் செல்லும். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடியது உங்கள் மொழியில் உள்ள படி மட்டும்தான். இப்போது வந்திருக்கும் ஆங்கிலப் படி "தகவலுக்காக மட்டும்" என்ற குறிப்போடு வந்திருந்தால், எந்த மொழியில் வேண்டும் என்று குறிப்பிட்டு, முறையான மொழிபெயர்ப்பு கேட்டு மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள், கையெழுத்துக்கு முன்னால். அதிலேயே "எக்ஸிகியூட்டிவ்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "காத்ர்" என்றே போடச் சொல்லுங்கள், 218 நாள் விதியை முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்.

லிங்க்ட்இன்னில் "டீம் லீட்" என்றே இருக்கட்டும். கீழே எத்தனை பேர், என்ன திட்டம், எவ்வளவு பட்ஜெட் என்று இரண்டு வரி. கடைசியில் "பிரான்ஸில் காத்ர் நிலை, சின்தெக் 3.1" என்று சேர்த்துவிடுங்கள். இங்குள்ள ஆட்சேர்ப்பாளர் அந்தக் கடைசி வரியைப் படிப்பார், சென்னையில் இருப்பவர் முதல் வரியைப் படிப்பார்.