ஆல்ட் கன்ட்ரி இசைக்கு முன்னோடி கிராம் பார்சன்ஸா, அங்கிள் டுபெலோவா? அதில் அப்படி என்ன இருக்கிறது?

நீங்கள் அமெரிக்காவுக்குப் படிக்க வந்த புதிது, ரூம்மேட் ஒருவர் இந்தப் பாட்டுகளை ஓயாமல் ஓடவிட்டு உங்கள் கழுத்தை அறுக்கிறார் என்று யூகிக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். தமிழில் இந்தக் கேள்வியை வேறு யார் கேட்கப்போகிறார்கள்?

ஆல்ட் கன்ட்ரி என்றால் அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியை ராக், பங்க் பாணிகளோடு கலப்பது. பார்சன்ஸ் ஒரு பாடகர், அங்கிள் டுபெலோ ஒரு குழு. என்னைக் கேட்டால் இரண்டு பேருமே முன்னோடி இல்லை. ஆனால் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் பேசவும் முடியாது.

நான் இருப்பது செயின்ட் லூயிஸ் பக்கம். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் இல்லினாய் மாநிலத்தின் பெல்வில். ஜே ஃபாரர், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடோர்ன் மூவரும் அங்கிள் டுபெலோவை ஆரம்பித்த ஊர். இங்கே ஐம்பது வயது தாண்டிய யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் "அந்தக் காலத்தில் அவர்களை இன்ன பாரில் பார்த்தேன்" என்பார்கள். அத்தனை பேரும் நிஜமாகவே போயிருந்தால் பார் சுவர் இடிந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை ஆபீஸ் நண்பர் வீட்டில் பார்பிக்யூ. அங்கே இதே சண்டைதான். ஒருவர் பார்சன்ஸ் கட்சி. பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் பார்சன்ஸ் சேர்ந்து 1968-ல் வந்த 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' இல்லையென்றால் ராக் பையன்கள் கன்ட்ரிக்காரர்களின் பெடல் ஸ்டீல் கிடார் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள், 1973-ல் 26 வயதில் செத்துப்போகாமல் இருந்திருந்தால் கதையே வேறு என்றார். நியாயமான பேச்சு. என் டீம் லீட் டுபெலோ கட்சி. 1990-ல் கன்ட்ரி நட்சத்திரம் கார்த் புரூக்ஸ் கடைகடையாக விற்றுக்கொண்டிருந்தபோது, பங்க் ராக்கின் முரட்டு வேகத்தோடு 'நோ டிப்ரஷன்' ஆல்பத்தைப் போட்டவர்கள் இவர்கள்தானே என்றார். அதுவும் சரிதான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டே பழைய கன்ட்ரி குழுவான கார்ட்டர் குடும்பம் 1936-ல் பாடியதுதானே? அப்போ கணக்கை அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன். லீட் சிரித்தார். "நீ சென்னைக்காரன். இதெல்லாம் இந்த மண்ணில் பிறந்தவனுக்குத்தான் ரத்தத்தில் இருக்கும்" என்றார். நான் கரூர்க்காரன், அது வேறு விஷயம். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சுருக்கென்று தைத்தது.

எந்த மண் என்று கேட்டேன். பார்சன்ஸ் வளர்ந்தது ஜார்ஜியாவில், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா வீடு ஃப்ளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்களை வைத்திருந்த பெரும் பணக்காரக் குடும்பம். பையன் ஹார்வர்டில் சேர்ந்துவிட்டுப் பாதியில் வந்தவர். பெல்வில்லோ உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் நின்ற மாநிலத்து ஊர். இவர்களுக்கு ஐந்து வருஷம் முன்பே, 1985-ல், 'ஃபியர் அண்ட் விஸ்கி' என்று பங்க்கையும் கன்ட்ரியையும் கலந்து ஓர் ஆல்பம் வந்தது. போட்ட மீகன்ஸ் குழு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்காரர்கள். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்ற வருஷம் அது. அவர்கள் ரத்தத்தில் டென்னசி ஆறா ஓடியது?

கார்ட்டர் குடும்பக் கதையையும் சொன்னேன். ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் வீடு வீடாகப் போய்ப் பாட்டுச் சேகரித்தபோது கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார்க்காரர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனதில் ஏற்றிக்கொண்டு வருவார். மேபெல் கார்ட்டரின் கிடார் வாசிப்பிலும் அவரிடம் கற்றது உண்டு. ஆனால் உரிமைப் பதிவில் இருந்ததெல்லாம் கார்ட்டர் பெயர்தான். கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸுக்குக் கிடார் சொல்லிக்கொடுத்த ரூஃபஸ் பெயினும் கறுப்பினத்தவரே. கன்ட்ரியின் பான்ஜோ வாத்தியமே ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான்.

"ரிடில் யார்?" என்று லீட் கேட்டார். அதற்குமேல் சண்டை ஓடவில்லை. வெள்ளைக்காரரை மடக்கிய பெருமைக்காக இதை எழுதவில்லை. (கொஞ்சம் பெருமை உண்டு.) மண், ரத்தம், அசல் என்று இந்த ரசிகர்கள் எதைப் பிடித்துத் தொங்குகிறார்களோ அதுதான் இந்த இசையின் மிகப் பலவீனமான பகுதி என்பதற்காகச் சொல்கிறேன். 1995-ல் சியாட்டிலில் 'நோ டிப்ரஷன்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரி, "அது என்னவாக இருந்தாலும் சரி" என்று அட்டையிலேயே அடைப்புக்குறிக்குள் கேலியாகப் போட்டுக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு இருந்த நிதானம் ரசிகர்களுக்கு இல்லை.

சரி, என்ன இருக்கிறது என்றீர்களே. டுபெலோவின் 1992 ஆல்பத்தைக் கேளுங்கள். மார்ச் 16 முதல் 20 வரை ஐந்தே நாளில் ஜார்ஜியாவின் ஏதன்ஸில் பதிவானது. அந்தத் தேதிகளேதான் ஆல்பத்தின் பெயர். தயாரித்தவர் ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக். நிர்வானா ராக் குழு காதைக் கிழித்துக்கொண்டிருந்த வருஷத்தில் சத்தத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சுரங்கப் பாட்டையும் சாராயம் காய்ச்சுபவன் பாட்டையும் பாடியிருக்கிறார்கள். ஃபாரருக்கு அப்போது 25 வயது. குரலில் அறுபது வயது அலுப்பு. அதை நடிப்பு என்பவர்கள் உண்டு. நடிப்பாகவே இருக்கட்டும், நன்றாக நடிப்பதும் பாடகன் வேலைதானே?

அவர்களையெல்லாம்விட எனக்குப் பிடித்தது பாடகி லூசிண்டா வில்லியம்ஸ்தான். 1998-ல் வந்த 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோட்' ஆல்பத்தைத் திருப்தி வராமல் திரும்பத் திரும்பப் பதிவு செய்து வருஷக்கணக்கில் இழுத்தார். லேக் சார்ல்ஸ், கிரீன்வில், ஜாக்சன் என்று ஊர்ப் பெயர்களே பாட்டுத் தலைப்புகள். தத்துவம் பேசுவதில்லை. யார் வீடு, எந்த ரோடு, ரேடியோவில் என்ன ஓடியது, அவ்வளவுதான். என் மனைவி "ஏங்க, அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். குரல் அப்படித்தான் இழுக்கும், பழக வேண்டும்.

இந்த சிடியைப் பழைய கடையில் தேடி வாங்கி வைத்திருந்தேன். போன வருஷம் கார் மாற்றினோம். அதில் சிடி போட இடமே இல்லை! விற்றவரிடம் கேட்டால் ஏதோ கிராமபோன் கேட்டமாதிரி பார்த்தார். இத்தனை ஆயிரம் டாலர் வாங்குகிறவர்களுக்கு ஒரு சிடி பிளேயர் வைக்கக் கை வராதா? கண்ணாடி துடைக்கிற வைப்பரைக்கூடத் திரையைத் தொட்டுத்தான் போட வேண்டுமாம். ஆப்பில் கேட்டால் லூசிண்டா முடிந்ததும் அதுவாகவே பீர், டிரக், பீர் என்று நாஷ்வில் நகரத்து ஜனரஞ்சக கன்ட்ரிப் பையன்களைப் போட ஆரம்பிக்கிறது.

"ராஜாவை விட்டுட்டு கவ்பாய் பாட்டா?" என்று கீழே கமென்ட் வரும், தெரியும். ராஜாவும் கேட்கிறேன் ஐயா, வீட்டில் கேட்கிறேன்.

இந்த வகையில் குப்பையும் ஏராளம். கட்டம் போட்ட சட்டை, தாடி, விஸ்கி, முணுமுணுப்பு என்று ஒரே தாளத்தில் பாடும் குழுக்களை நீங்களே கண்டுகொள்வீர்கள். டுபெலோ 1994-ல் உடைந்த பிறகு ஃபாரர் தொடங்கிய சன் வோல்ட் குழுவின் 'ட்ரேஸ்' ஆல்பத்திலிருந்து ஆரம்பியுங்கள், பிறகு மினியாபொலிஸின் ஜேஹாக்ஸ் குழு, அப்புறம் லூசிண்டா. ட்வீடியின் வில்கோ குழு பின்னாளில் செய்ததெல்லாம் இந்தக் கணக்கில் வருமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். லீட் இதையும் மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் படித்துப் பார்க்கிற ஆள்.