மகன் ராப் பாடப் போகிறேன் என்கிறான்: பாரிஸ் பக்கத்து லா கூர்நேவ் அம்மா ஒருவருக்கு

அன்புள்ள அக்கா,

புதன்கிழமை நீங்கள் போன பிறகும் உங்கள் மகன் வாசித்த எட்டு ராப் வரிகள் என் காதில் நின்றன. ஃபோனைப் பார்த்து வாசிக்கும்போதே ஒரு சொல்லில் நின்றான், அழித்தான், வேறு சொல் போட்டான், மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினான். ஒரு இடத்தில் பத்து நிமிடம் இருக்க மாட்டான் என்றீர்களே, அதே பிள்ளைதான்.

ராப் பாடுகிற பொடியன்கள் எல்லாம் படிப்பைக் குழப்பினவர்கள் என்பது உங்கள் பயம். அவனுக்குப் பிடித்த பிரெஞ்சு ராப் பாடகர் ஓரெல்சானையே பாருங்கள். 1982-இல் அலான்சோனில் பிறந்தவர். அப்பா நடுநிலைப் பள்ளி (கொலேஜ்) அதிபர், அம்மா ஆசிரியை. கான் (Caen) நகரில் மேனேஜ்மென்ட் படித்தார். அப்புறம் ஒரு ஹோட்டலில் இரவுக் காவல் வேலை. அந்தச் சம்பளத்தில் வாடகையைக் கட்டிக்கொண்டு நண்பர்களோடு பாட்டுச் செய்தார். நண்பர் கிரான்ஜோடு சேர்ந்து முதல் டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, 2004-இல் வந்தது, முதல் ஆல்பம் 2009-இல். இடையில் ஐந்து வருடம். அந்த நாட்களையெல்லாம் ஓரெல்சானின் தம்பி கிளெமான் கேமராவில் பிடித்து வைத்திருந்தார். 2021-இல் அது ஆவணத் தொடராக வந்தது. மகனோடு உட்கார்ந்து பாருங்கள். அதே வருடம் வந்த ‘சிவிலிசாசியோன்’ ஆல்பம் முதல் வாரமே ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது.

எல்லாருக்கும் இப்படி அமையாது, அதை அவனிடமும் சொன்னேன். இன்னொன்றையும் சொன்னேன். பெண்ணை வன்முறையாகப் பேசிய பழைய பாட்டு ஒன்றால் 2009-இல் ஓரெல்சானுக்குப் பல மேடைகள் பறிபோயின. வரிகள் தொடர்பான வழக்கு 2016 வரை இழுபட்டு, கடைசியில்தான் விடுதலை கிடைத்தது. இருபது வயதில் இணையத்தில் போடுவது முப்பதிலும் துரத்தும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உயர்படிப்புக்கு இடம் கேட்கும் அரசு இணையதளமான பார்கூர்சூப்பில் விண்ணப்பம் மார்ச் நடுவில் மூடும். ஒலித்துறை பே.தே.எஸ். (BTS, இரண்டு வருடத் தொழிற்படிப்பு) படிப்பை முதலில் போடலாம். இடம் குறைவு, கணிதமும் பௌதிகமும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வணிக பே.தே.எஸ். ஒன்றை அல்டெர்னான்ஸில், அதாவது ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே படிக்கிற முறையில், போடுங்கள். கட்டணம் உங்கள் தலையில் விழாது, அவன் கையில் சம்பளமும் இருக்கும். பாட்டு வெளியே போகத் தொடங்கினால் எழுதியவன் என்ற உரிமைக்கு, பாட்டு எழுதுகிறவர்களின் உரிமைப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் சாசெம் அமைப்பில் பதிய வேண்டும். மேடைக் கலைஞர்களுக்கான வேலையில்லாக் கால உதவிக்குப் பன்னிரண்டு மாதத்தில் 507 மணிநேர வேலை கணக்கில் வர வேண்டும். முதல் வருடங்களில் அது சுலபமில்லை, அதனால்தான் கையில் ஒரு தொழில் வேண்டும் என்கிறேன்.

வீட்டில் “எப்போது விடுவாய்?” என்று கேட்காதீர்கள் அக்கா. “இந்த மாதம் எத்தனை பாட்டு முடித்தாய்?” என்று கேளுங்கள். அடுத்த முறை வரும்போது முடித்த பாட்டு மூன்றும் பார்கூர்சூப் கடவுச்சொல்லும் அவன் கையில் இருக்கட்டும்.