பார்வை மங்கிவரும் அம்மா இணையத்தில் படிக்க எந்த எக்ஸ்டென்ஷன் போடலாம்?

அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும், நீங்கள் வெளியூரில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பிரவுசரில் தனியாகச் சேர்க்கிற எக்ஸ்டென்ஷனே வேண்டாம். எட்ஜ் பிரவுசரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தை வாசித்துக் காட்டும். தமிழில் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு நல்ல குரல்கள் உண்டு. ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் படங்களை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பெரிதாக்கலாம். அம்மாவுக்கு இது போதும்.

எனக்குப் போதாது. எனக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, விழித்திரை கெட்டுப் பார்வை மெல்ல மெல்லப் போகும் நோய். என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை, அதாவது திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை, வைத்துத்தான் அலுவலக வேலை முழுவதும் பார்க்கிறேன். ஹெச் தட்டினால் தலைப்புக்குத் தாவும், பி தட்டினால் பட்டனுக்கு. கண் தெரிந்த சக ஊழியர்களைவிட வேகம்தான், பெருமைக்குச் சொல்லவில்லை (சரி, பெருமைக்கும்தான்).

போன வருடம் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கப் போனேன். தளத்தின் மூலையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கிறதாம். அதைத் திறந்தால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். ஆனால் பணம் கட்டும் இடத்தில் எந்தப் பட்டனுக்கும் என்விடிஏ வாசிக்கிற மாதிரி பெயர் இல்லை. என்விடிஏ "பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லிக்கொண்டே போகிறது. கட்டுவது எது, ரத்து செய்வது எது? அப்புறம் கேப்சா, படத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லும் சோதனை; அதற்கு ஒலி வடிவமும் இல்லை. உதவி எண்ணில் கேட்டால், "பக்கத்துல கண்ணு தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா சார்?" இருந்தான், பத்தாவது படிக்கும் தம்பி மகன். அவனிடம் கார்டு எண்ணையும் ஓடிபியையும் சொல்லிக் கட்டினேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எஸ்எம்எஸ் அனுப்புவதும் அதே நிறுவனம்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: கல்யாணப் பந்தியில் என் இலைக்குச் சாம்பார் வேண்டுமா என்று என் மனைவியிடம் கேட்கிறார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மூலைப் பட்டனால் சிலருக்குப் பயன் உண்டே என்று சண்டைக்கு வராதீர்கள். இருக்கட்டும். அளவையும் நிறத்தையும் பிரவுசரிலேயே மாற்றலாம். பட்டனுக்குப் பெயர் வைப்பது தளத்தைக் கட்டியவர் நிரலில் ஒரு வரியில் முடிக்கிற வேலை. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியாகிவிட்டது.

அம்மாவுக்குப் பார்வை இன்னும் குறைந்தால், காசு கொடுத்து எதையும் வாங்கும் முன் என்விடிஏ போட்டுப் பாருங்கள். அதோடு வரும் தமிழ்க் குரல் ரோபோ மாதிரி கரகரக்கும். வேகத்தைக் குறைத்து வைத்துக் கொடுங்கள், காது பழகிவிடும்.