அயர்லாந்துக் கடற்கரையில் ஒரு வாரம்: வாடகை 1,850 யூரோ, செலவு எவ்வளவு?

கேள்வி: நான் டப்ளினில் செவிலியராகப் பணிபுரிகிறேன். கணவர் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். பன்னிரண்டு, எட்டு வயதுகளில் இரண்டு பிள்ளைகள். காரைக்குடியிலிருந்து மாமனாரும் மாமியாரும் ஜூன் மாதம் வந்து ஆகஸ்ட் கடைசி வரை எங்களோடு தங்கப்போகிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு ஆகஸ்ட் இரண்டாம் வாரம் கெரி மாவட்டத்தில், டிங்கிள் ஊருக்கு அடுத்த வென்ட்ரியில், நாமே சமைத்துக்கொள்ளும் வகையிலான ஒரு காட்டேஜில் தங்க விரும்புகிறேன். மூன்று படுக்கையறைகள், சனி முதல் சனி வரை வாடகை 1,850 யூரோ, துப்புரவுக் கட்டணம் 90 யூரோ, திருப்பித் தரும் முன்பணம் 300 யூரோ, மின்சாரம் தனி. கில்லார்னியில் ஓட்டலில் மூன்று இரவுகள் தங்கிவிட்டு வந்தால் செலவு குறையும் என்கிறார் கணவர். இதே பணத்துக்கு ஸ்பெயினுக்கே போய்வரலாம் என்கிறாள் தோழி. எங்கள் சேமிப்பு 4,200 யூரோ. கிரெடிட் கார்டில் 1,400 யூரோ நிலுவை இருக்கிறது. மாதம் 70 யூரோ கட்டிவருகிறோம். வீட்டு வாடகை உட்பட மாதச் செலவு 3,600 யூரோ. அதுபோக 200 யூரோ மிச்சம் பிடிக்க முடிகிறது. சேமிப்பைத் தொடாமல் கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 11 சதவீத வட்டிக்கு 2,000 யூரோ கடன் வாங்கிப் போய்வரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வாடகை, துப்புரவு, முன்பணம், மின்சாரம் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். காரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் ஆறு பேர், சாதாரணக் காரில் இருப்பதோ ஐந்து இருக்கைகள். இந்த ஓர் இருக்கைதான் உங்கள் கணக்கு முழுவதையும் புரட்டிப்போடப்போகிறது. அதற்குமுன் மற்றவற்றை முடித்துவிடுகிறேன்.

ஸ்பெயின் பேச்சை இப்போதே விட்டுவிடலாம். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் ஸ்பெயின் இருக்கிறது, அயர்லாந்து இல்லை. அதனால் உங்கள் மாமனார் மாமியாரிடம் இருக்கும் அயர்லாந்து விசா ஸ்பெயினுக்குச் செல்லாது. இருவருக்கும் தனியாக விண்ணப்பித்து, நேர்காணலுக்கு நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். நீங்களும் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டே வைத்திருந்தால் உங்கள் குடும்பத்துக்கும் இதே நிலைதான்.

உங்கள் கணவரின் யோசனையை அப்படித் தள்ளிவிட முடியாது. ஓட்டலில் உங்களுக்கு இரண்டு அறைகளாவது வேண்டும். ஓர் அறை இரவுக்கு 210 யூரோ என்று வைத்தால் மூன்று இரவுகளுக்கு 1,260 யூரோ ஆகிறது. காலை உணவு அதிலேயே அடங்கினாலும், மற்ற இரண்டு வேளைக்கும் ஆறு பேர் வெளியில் சாப்பிட நாளொன்றுக்கு 240 யூரோவாவது ஆகும் என்பதால் உணவுக்கு இன்னொரு 720 யூரோ. ஆக மூன்று இரவுகளுக்கு 1,980 யூரோ, அதாவது ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 110 யூரோ. காட்டேஜில் வாடகை, துப்புரவு, மின்சாரத்துக்கு ஒரு 80 யூரோ, அந்த வாரத்தில் இருமுறை மட்டும் வெளியில் சாப்பிட 200 யூரோ எல்லாம் சேர்ந்து 2,220 யூரோ. அதை ஏழு இரவுகளுக்கும் ஆறு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 53 யூரோதான் வருகிறது. அரிசியும் பருப்பும் டப்ளினில் இருந்தாலும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதால் மளிகையை நான் இதில் சேர்க்கவில்லை. இரவுக் கணக்கில் காட்டேஜ் பாதி விலை. ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து போகும் மொத்தத் தொகையில் ஓட்டலைவிட 240 யூரோ கூடுதல். இருவருமே சரியாகத்தான் சொல்கிறீர்கள், ஆளுக்கொரு கணக்கைப் பார்த்துக்கொண்டு. வயதானவர்கள் மூன்று நாள் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் சாப்பிட்டுச் சமாளிப்பது எத்தனை கடினம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு காட்டேஜுக்கே.

இப்போது காருக்கு வருகிறேன். டப்ளினிலிருந்து டிங்கிள் ஏறக்குறைய 350 கிலோமீட்டர்; லிமெரிக் வரை நெடுஞ்சாலை, அதன்பின் டிரலீ வழியாகக் குறுகலான சாலை. நடுவில் நிறுத்தாமல் போனாலே நாலரை மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு பெரியவர்களோடும் எட்டு வயதுப் பிள்ளையோடும் போனால் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு இருக்கைக் காரை ஆகஸ்டில் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்க, காப்பீடு உட்பட 800 யூரோவாவது ஒதுக்க வேண்டும்; அதற்குமேல் கார் நிறுவனம் உங்கள் கிரெடிட் கார்டில் ஒரு பெருந்தொகையை முடக்கியும் வைக்கும். போகவர 700 கிலோமீட்டர், அங்கே சுற்ற 300 கிலோமீட்டர் என்று கொண்டால் பெட்ரோலுக்கு 140 யூரோ. முன்சொன்ன 2,220 யூரோவோடு இவற்றைக் கூட்டினால் 3,160 யூரோ. 1,850 என்று தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்.

கணவரும் பெரியவர்களும் டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து டிரலீ வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் டிங்கிள் போகலாமே என்று கேட்கலாம். போகலாம். ஆனால் டிங்கிள் தீபகற்பத்தில் பார்க்கவேண்டியவை எல்லாம் தள்ளித்தள்ளி இருப்பவை. ஸ்லே ஹெட் சாலை, டன்குவின் துறை, 1953-ல் கடைசிக் குடிகளும் வெளியேறிய கிரேட் பிளாஸ்கெட் தீவை எதிரே பார்க்கும் முனை என்று எதற்கும் கார் வேண்டும். தினமும் ஒருவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவது விடுமுறையாகாது. அந்த ஒருவர் யாராக இருப்பார் என்பதும் நமக்குத் தெரியும், மாமியார்தான்.

கடனுக்கு வருவோம். 2,000 யூரோவை 11 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுகளில் அடைத்தால் மாதம் ஏறக்குறைய 93 யூரோ கட்ட வேண்டும். வட்டியாக மட்டும் சுமார் 230 யூரோ போகும். மாதம் 200 யூரோ மிச்சம் பிடிக்கும் வீட்டில் பாதியை இரண்டு ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுப்பதற்கு ஒரு வார விடுமுறை ஈடாகாது. அதைவிட எனக்கு உறுத்தலாகப் படுவது கிரெடிட் கார்டு நிலுவை. வட்டி வீதத்தை நீங்கள் எழுதவில்லை. இங்கே வழக்கமாகக் காணப்படும் 22 சதவீதம் என்று வைத்தால் மாதம் 26 யூரோ வட்டியாகவே கழிகிறது, நீங்கள் கட்டும் எழுபதில் அசலுக்குப் போவது 44 யூரோதான். சேமிப்புக் கணக்கில் 4,200 யூரோவை ஏறக்குறைய வட்டியே இல்லாமல் கிடத்திவைத்துவிட்டு, பக்கத்திலேயே இந்தக் கடனை வளர்ப்பது ஓட்டைக் குடத்தின் அருகில் நிறைகுடத்தை வைத்துக் காவல் காப்பது போன்றது. இந்த வாரமே 1,400 யூரோவையும் கட்டி முடித்துவிடுங்கள். அட்டையை ரத்து செய்ய வேண்டாம். காட்டேஜுக்குப் பணம் கட்ட அது உதவும்.

கட்டியபின் கையில் 2,800 யூரோ இருக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதங்களுக்கு, வழக்கமான 200 யூரோவோடு அட்டைக்குக் கட்டிவந்த 70 யூரோவும் சேர, 1,620 யூரோ வரும். மொத்தம் 4,420. இதில் 3,160 யூரோவை டிங்கிளுக்குச் செலவிட்டால் மிஞ்சும் 1,260 யூரோ உங்கள் வீட்டுக்குப் பத்து நாள் செலவுக்குத்தான் காணும். கணவருக்கு முதுகு பிடித்து இரண்டு வாரம் வேலைக்குப் போக முடியாமல் போனாலே மறுபடியும் அட்டையைத்தான் தேய்க்க வேண்டியிருக்கும். ஆகவே இந்த ஆண்டு விடுமுறைக்கு உங்களால் தாங்கக்கூடிய உச்சவரம்பு 1,800 யூரோ என்று சொல்வேன்.

அந்தத் தொகைக்குள் கடற்கரைக் காட்டேஜ் கிடைக்காதா என்றால், கிடைக்கும், திசையை மாற்றினால். மேற்கை விட்டுத் தென்கிழக்கில் வெக்ஸ்ஃபர்டு மாவட்டத்தைப் பாருங்கள். டப்ளினிலிருந்து 130 கிலோமீட்டர் அளவுதான். ஆறாவது இருக்கைப் பிரச்சினைக்கு அங்கே ரயிலே விடை: டப்ளின் கனலி நிலையத்திலிருந்து ராஸ்லேர் போகும் வண்டி, கிலைனி வளைகுடாவையும் பிரே மலைச்சரிவையும் கடலை ஒட்டியே கடந்து, எனிஸ்கார்த்திக்குப் பிறகு ஸ்லேனி ஆற்றங்கரையோடு வெக்ஸ்ஃபர்டு நகருக்குள் நுழைகிறது. கணவர் பெரியவர்களை அதில் அழைத்துவரட்டும். நீங்கள் பிள்ளைகளோடும் அரிசி மூட்டையோடும் காரில் போய், நிலையத்திலிருந்து இரண்டு நடையாக எல்லோரையும் வீடு சேர்க்கலாம். மாமியாருக்கு ஸ்லே ஹெட்டின் வளைவுகளில் வயிற்றைப் புரட்டுவதைவிட இந்த ஜன்னலோர இருக்கை நிச்சயம் பிடிக்கும். இங்குள்ள முதியோர் இலவசப் பயணச் சலுகை அயர்லாந்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. வருகையாளர்களான அவர்களுக்கு டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும்.

வெக்ஸ்ஃபர்டு நகருக்கு அருகிலுள்ள கர்ரக்ளோவில் மைல் கணக்கில் நீளும் மணற்கரை இருக்கிறது; நடந்து போகும் தூரத்தில் வீடு எடுத்தால் தினமும் காரை எடுக்கவே தேவையில்லை. மழையும் இந்தப் பக்கம் குறைவு: அயர்லாந்தின் கிழக்குப் பாதியில் ஆண்டுக்கு 750 முதல் 1,000 மில்லிமீட்டர் வரை பெய்கிறது, மேற்கில் பெரும்பாலான இடங்களில் 1,000 முதல் 1,400 வரை, மலைகளில் இன்னும் அதிகம். கோடையில் சாலையோரக் கடைகளில் வெக்ஸ்ஃபர்டு ஸ்ட்ராபெரியும் புது உருளைக்கிழங்கும் விற்பார்கள். கில்மோர் கீ என்ற மீன்பிடித் துறை கொஞ்சம் தெற்கே இருக்கிறது. காரைக்குடிக் கைப்பக்குவத்துக்கு ஏற்ற கானாங்கெளுத்தி அயர்லாந்துக் கரைகளில் கோடைகாலத்து மீன்தான். டிங்கிளின் அழகு இங்கே இல்லை, அதை மறைக்கமாட்டேன். ஆனால் டிங்கிளுக்கு நீங்கள் நால்வர் மட்டும், ஒரு காரில், அடுத்த ஆண்டு போகலாம்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் என்று பிடிவாதமாக இருக்க வேண்டாம். ஜூலையிலும் ஆகஸ்டின் முற்பாதியிலும் வீட்டுக்காரர்கள் சனி முதல் சனி வரை என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. பள்ளிகள் திறக்கும் தறுவாயில், ஆகஸ்ட் கடைசியில், அதே வீட்டை ஐந்து இரவுகளுக்குக் கேட்டால் பெரும்பாலும் இசைவார்கள். பெரியவர்கள் திரும்பும் நாளையும் பள்ளி திறக்கும் நாளையும் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குறுகியகால விசாவில் 90 நாட்களுக்குமேல் தங்க முடியாது. ஐந்து இரவுகளுக்கு வாடகை 1,250 யூரோவைத் தாண்டக் கூடாது என்று எல்லை வகுத்துக்கொண்டு தேடுங்கள். அதோடு துப்புரவு 80, மின்சாரம் 60, பெட்ரோல் 65, மூவருக்கும் ரயில் 120, இருமுறை வெளியில் சாப்பிட 200 என்று கூட்டினால் 1,775 யூரோ. கையிருப்பாக 2,600 யூரோவுக்கு மேல் மிஞ்சும். அதுவும் ஒரு மாதச் செலவுக்குப் போதாது என்றாலும் பத்து நாள் மூன்று வாரமாகிறது.

மின்சாரம் தனி என்றால் என்னவென்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் ஏமாறும் இடம் அதுதான். போனதும் மீட்டரைப் பார்த்து எழுதி, கிளம்பும்போது மீண்டும் பார்த்து யூனிட் கணக்கில் வாங்குவார்கள். யூனிட் 40 சென்ட் என்று கொள்வோம். தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் இமர்ஷன் சூடேற்றி பொதுவாக 3 கிலோவாட். ஆறு பேர் குளிக்க மூன்று மணி நேரம் ஓடினால் 9 யூனிட், நாளுக்கு 3.60 யூரோ. அணைக்க மறந்து தூங்கினால் காசு வீணாகப் போகும். ஆகஸ்டிலும் மாலையில் பெரியவர்களுக்குக் குளிரும். 2 கிலோவாட் சூடேற்றி ஐந்து மணி நேரம் ஓடினால் இன்னொரு 4 யூரோ. வாடகையிலேயே ஒரு குறிப்பிட்ட யூனிட் வரை அடங்குமா என்று பேசும்போதே கேளுங்கள்; சேர்ந்ததும் மீட்டரைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

பணம் அனுப்பும் விஷயத்தில் கவனம் வேண்டும். முன்பின் தெரியாதவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பாதீர்கள். கார்டில் கட்டினால், வீடே இல்லை என்று தெரியவரும்போது வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. ஒவ்வொரு முகவரிக்கும் தனியாக உள்ள எயர்கோடு என்ற அஞ்சல் குறியீட்டைக் கேட்டு வாங்கி வரைபடத்தில் பாருங்கள். காணொளி அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் எவரும் தயங்கமாட்டார். இணையத்தில் வாங்கும் பொருள்களை 14 நாட்களுக்குள் திருப்பும் உரிமை, தேதி குறித்துப் பதிவு செய்த தங்குமிடங்களுக்குப் பொருந்தாது. ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கியபிறகே முன்தொகை கட்டுங்கள். பெரியவர்களின் மருத்துவக் காப்பீடு அவர்கள் விமானம் ஏறும் நாள் வரை நீள்கிறதா என்பதையும் பாருங்கள். வருகையாளர்களுக்கு இங்குள்ள பொது மருத்துவமனை வசதி உங்களுக்குக் கிடைக்கும் அதே கட்டணத்தில் கிடைக்காது.

கடைசியாக அந்த 300 யூரோ. அது திரும்பி வரும் பணம்தான், ஆனால் விடுமுறைக்கு முன்பே கையைவிட்டுப் போய், வீடு திரும்பிச் சில நாள் கழித்துத்தான் வரும் என்பதால் பட்ஜெட்டுக்கு வெளியே தனியாக எடுத்துவையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டேஜில் வெள்ளைச் சமையல் மேடையில் மஞ்சள்தூள் கறை படிந்ததற்காக என் முன்பணத்தில் 80 யூரோவைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தேய்த்த தேய்ப்பில் கறை போகவில்லை, மேடையின் பளபளப்புதான் போயிற்று. உங்கள் வெட்டுப் பலகை, இரண்டு எவர்சில்வர் தட்டுகள், மேடைமேல் விரிக்க ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பு ஆகியவற்றை அரிசி மூட்டையோடு காரில் ஏற்றிவிடுங்கள். கிராமத்து வீடுகள் பலவற்றில் கழிவுநீர் தோட்டத்துத் தொட்டிக்குத்தான் போகிறது. மீன் பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாமல் பாட்டிலில் ஊற்றி டப்ளினுக்கே கொண்டுவந்துவிடச் சொல்லி மாமியாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.