கணக்கை அழித்தால் வழக்கு அழியுமா?

கேள்வி: முன்பு வேலை பார்த்த நிறுவனம் நான்கு மாதச் சம்பளத்தைத் தராமல் இழுத்தடித்தது. பொறுக்க முடியாமல் நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே ஃபேஸ்புக்கில் எழுதினேன். பலரும் அதைப் பகிர்ந்தார்கள். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் எழுதியது அவதூறாம். 15 நாளுக்குள் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். எனக்கு அந்தத் தளமே வெறுத்துவிட்டது. கணக்கையே நிரந்தரமாக அழித்துவிடலாம் என்று பார்க்கிறேன். “கணக்கே இல்லைன்னா கேஸ் எங்கே நிற்கும்?” என்று என் மாமாவும் சொல்கிறார். ஆனால் போன வருடமே ஒரு முறை அழித்தேன். சில மாதம் கழித்து வேறொரு ஆப்பில் ஃபேஸ்புக் வழியாக உள்ளே போனதும் எல்லாம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. உண்மையிலேயே அழிக்க முடியுமா? அழித்த பிறகும் என் தகவலை வைத்திருந்தால் சட்டப்படி என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மாமா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், அவசரம் அங்கேதான் இருக்கிறது. கணக்கை அழித்தால் வழக்கு அழியாது. உங்கள் பதிவின் ஸ்கிரீன்ஷாட் கையில் இல்லாமல் எந்த வழக்கறிஞரும் அப்படி ஒரு நோட்டீஸை எழுதமாட்டார். எதிர்த்தரப்பின் சான்று பத்திரமாக இருக்கிறது. அழியப்போவது உங்கள் தரப்புச் சான்று மட்டும்தான்.

நீங்கள் எழுதியது உண்மை என்பதுதானே உங்கள் நிலைப்பாடு? அவதூறு வழக்கில் அது வலுவான எதிர்வாதம். ஆனால் உண்மை என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் எழுதியவர் தலையில்தான் விழும். அப்போது எதைக் காட்டுவீர்கள்? சம்பளம் எப்போது வரும் என்று மேலாளரிடம் மெசெஞ்சரில் கேட்டிருந்தால் அந்த உரையாடல். பதிவின் கீழே “எனக்கும் இதே கதைதான்” என்று உடன் வேலை பார்த்த யாராவது எழுதியிருந்தால் அந்தப் பின்னூட்டம். எந்தத் தேதியில், எந்த வார்த்தைகளில், என்ன பின்னணியில் எழுதினீர்கள் என்பது. எல்லாம் அந்தக் கணக்குக்குள் கிடக்கின்றன. நீங்கள் அழிக்க நினைப்பது உங்கள் முக்கிய சாட்சியை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தகராறு வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, அதோடு தொடர்புடைய ஆவணத்தை அழிப்பதைப் பல நாட்டு நீதிமன்றங்கள் தனிக் குற்றச்சாட்டாகவே பார்க்கின்றன. கணினியில் இருப்பதும் ஆவணம்தான். அமெரிக்காவில் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2013-ல் வந்த ஒரு தீர்ப்பு உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது. வேலையிடத்தில் காயம்பட்டதாக நஷ்டஈடு கேட்டவர், வழக்கு நடக்கும்போதே தன் ஃபேஸ்புக் கணக்கை மூடிவிட்டார். அன்றைய வழக்கப்படி 14 நாளில் தரவு முழுதாகப் போய்விட்டது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று அவர் தரப்பு வாதாடியது. நீதிபதி ஏற்கவில்லை. அழிந்துபோனவை அவருக்குப் பாதகமானவை என்று ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) அனுமானித்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டார். அதே ஆண்டில் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த இன்னொரு வழக்கில், ஃபேஸ்புக்கைச் ‘சுத்தம்’ செய்யச் சொன்ன வழக்கறிஞருக்கு 5,42,000 டாலரும், அவர் பேச்சைக் கேட்ட கட்சிக்காரருக்கு 1,80,000 டாலரும் தண்டமாக விழுந்தது. இந்த வழக்கை இளம் வழக்கறிஞர்களிடம் சொல்லும்போதெல்லாம் முதல் தொகையைக் கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இங்கிலாந்தின் உரிமையியல் நடைமுறையில், வழக்கு வரலாம் என்ற நிலை வந்ததுமே மின்னணு ஆவணங்களைப் பாதுகாக்கும்படி கட்சிக்காரரிடம் சொல்லவேண்டியது வழக்கறிஞரின் கடமை. இந்தியாவில் இது குற்றவியல் சட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது: நீதிமன்றத்தில் சான்றாக வரக்கூடாது என்ற நோக்கத்தில் மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 241-ஆம் பிரிவின்படி குற்றம். நீங்கள் வெறுப்பில்தான் அழித்தீர்கள், சான்றை மறைக்க அல்ல என்று பின்னால் விளக்கலாம். நோட்டீஸ் கைக்கு வந்த அடுத்த நாள் அழித்துவிட்டு அந்த விளக்கத்தைச் சொன்னால் நம்புவதற்கு நீதிபதி மிகவும் இளகிய மனசுக்காரராக இருக்கவேண்டும்.

“அவர்கள்தானே நீக்கச் சொல்கிறார்கள்?” என்று கேட்பீர்கள். பதிவைப் பொதுப் பார்வையிலிருந்து எடுப்பது வேறு, கணக்கைக் கொளுத்துவது வேறு. பதிவைப் பார்ப்பவர் யார் என்ற அமைப்பை ‘நான் மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள். உலகத்துக்குத் தெரியாது, பகிர்ந்தவர்களின் பக்கத்திலும் உங்கள் வாசகம் காணாமல் போகும், ஆனால் பதிவும் அதன் தேதியும் உங்களிடம் அப்படியே இருக்கும். ‘தவறை ஒப்புக்கொண்டு இதைச் செய்யவில்லை, விவகாரம் முடியும்வரை மறைத்து வைத்திருக்கிறேன்’ என்று பதில் நோட்டீஸில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறைக்கலாமா, அப்படியே விடலாமா என்பதைக்கூட உங்கள் வழக்கறிஞர் முழுக் காகிதங்களையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். வாசகத்தைத் திருத்தாதீர்கள், திருத்த வரலாறு தளத்திலேயே பதிவாகிறது. நோட்டீஸைப் படமெடுத்துப் போட்டு இன்னொரு பதிவு எழுதும் ஆசை வரும். வேண்டவே வேண்டாம்.

மறைப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: பிரதி எடுப்பது. ஃபேஸ்புக்கின் அமைப்புகளிலேயே உங்கள் தகவலைப் பதிவிறக்கும் வசதி உண்டு. கால அளவைத் ‘தொடக்கத்திலிருந்து’ என்று வையுங்கள், இல்லாவிட்டால் அண்மைக்காலம் மட்டும் வந்து நிற்கும். ஆனால் அந்தக் கோப்பை மட்டும் நம்பாதீர்கள். அதில் வருவது உங்கள் பொருள். உங்கள் பதிவின் கீழ் மற்றவர்கள் எழுதியதை அதில் எதிர்பார்க்க முடியாது. எனவே பதிவையும் அதன் பின்னூட்டங்களையும் கணினியில் திறந்து, இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி முழுத் திரையாகப் படமெடுங்கள். மேலாளருடனான உரையாடலை முதல் வரியிலிருந்து, நடுவில் ஒன்றும் விடாமல் எடுங்கள். உங்களுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுத்தால் குறுக்கு விசாரணையில் அதுவே உங்களைக் கடிக்கும். இந்தியாவில் என்றால், மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தீர்கள் என்பது அதில் வரும். ஆகவே அந்த போனை விவகாரம் முடியும்வரை விற்கவோ மாற்றவோ வேண்டாம்.

இனி, போன வருடம் நடந்தது. நீங்கள் கணக்கை அழிக்கவே இல்லை. ‘டீஆக்டிவேட்’ செய்திருக்கிறீர்கள். இந்தத் தேர்வும் ‘டெலிட்’ என்ற தேர்வும் ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்பதால் பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. டீஆக்டிவேட் என்பது கணக்கைத் தூங்க வைப்பது. எத்தனை மாதம் ஆனாலும் கடவுச்சொல்லைப் போட்டாலோ, வேறு ஆப்பில் ‘ஃபேஸ்புக் வழியாக நுழை’ என்று தட்டினாலோ எழுந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். இந்தத் தடவை அது நல்லதாகப் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த மெசெஞ்சர் உரையாடல்கள் பிழைத்தன.

விவகாரம் தீர்ந்த பிறகு டெலிட்டைத் தேர்ந்தெடுங்கள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அன்றிலிருந்து 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் உள்ளே நுழைந்து ரத்து செய்யலாம். 30 நாள் தாண்டினால் திரும்பப் பெற முடியாது. ஆனாலும் காப்புப் பிரதிகள் உட்பட எல்லாவற்றையும் துடைத்து முடிக்க 90 நாள்வரை ஆகலாம் என்று இவற்றின் தாய் நிறுவனமான மெட்டா சொல்கிறது. எக்ஸ் தளத்தில் நேரடி டெலிட் பொத்தானே கிடையாது: டீஆக்டிவேட் செய்துவிட்டு 30 நாள் எட்டிப்பார்க்காமல் இருந்தால் அதுவே அழிப்பாகிவிடும். ஃபேஸ்புக்கில் சிக்கவைத்த அதே சொல் அங்கே வேறு வேலை செய்கிறது! வாட்ஸ்அப்பில் காத்திருப்பே இல்லை, அழித்தால் அழித்ததுதான்.

டெலிட்டை அழுத்துவதற்கு முன் அந்தக் கணக்கைச் சாவியாக வைத்து நுழையும் மற்ற ஆப்கள் எவை என்று பாருங்கள். அவற்றுக்கு மின்னஞ்சலும் தனிக் கடவுச்சொல்லும் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் கதவு சாத்திக்கொள்ளும். நீங்கள் ஒருவர் மட்டுமே நிர்வாகியாக இருக்கும் பக்கம் ஏதாவது இருந்தால் அதுவும் கணக்கோடு போகும். பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் ஆப்பை நீக்குங்கள். அழிப்புக் கோரிக்கையை ஏற்றதாக வரும் மின்னஞ்சலையோ திரையையோ சேமித்து வையுங்கள். பின்னால் நிறுவனத்தோடு வாதாட நேர்ந்தால் தேதிக்கு அதுதான் ஆதாரம்.

எவ்வளவு முறையாக அழித்தாலும் போகாதவை உண்டு. நீங்கள் பிறருக்கு அனுப்பிய செய்திகள் அவரவர் இன்பாக்ஸில் இருக்கும். உங்கள் பெயரும் படமும் மட்டும் அங்கே மறையும். மற்றவர்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட், மற்றவர்கள் போட்ட உங்கள் புகைப்படம் எல்லாம் அவர்கள் கையில். தேடுபொறியில் உங்கள் பெயரைத் தட்டினால் வரும் பழைய இணைப்புகள் தனிப் பிரச்சினை. 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் கூகுள் ஸ்பெயின் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழ்பவர்கள் அந்த இணைப்புகளைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கும்படி தேடுபொறியிடமே விண்ணப்பிக்கலாம்.

கடைசிக் கேள்வி: அழித்த பிறகும் தகவலை வைத்திருந்தால்? முதலில், எல்லா வைத்திருப்பும் சட்டமீறல் அல்ல. ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்கான இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப இடைநிலையாளர் விதிகளே, பயனர் கணக்கை ரத்துசெய்த பிறகும் கணக்கு தொடங்கக் கொடுத்த தகவலை 180 நாள் வைத்திருக்கும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 17-ஆம் பிரிவில் அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் சட்டக் கடமைக்காகவோ வழக்குரிமைக்காகவோ தேவைப்படும் தரவுக்கு அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது.

அந்த எல்லையைத் தாண்டி வைத்திருந்தால் வழி நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வரவேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். வராவிட்டால் உங்கள் நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்யலாம். இந்தியாவில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதவேண்டும். அவர் பதிலில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியே போகலாம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கேட்கும் உரிமையைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது, சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. பயனர் உரிமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். சிங்கப்பூரில் அழிக்கச் சொல்லும் நேரடி உரிமை இல்லை. சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தேவை தீர்ந்த தரவை நிறுவனம் வைத்திருக்கக்கூடாது என்ற கடமையைச் சுட்டிக்காட்டலாம்.

எந்த நாடானாலும் கோரிக்கையைச் சுருக்கமாக எழுதுங்கள்: கணக்கின் இணைய முகவரி, பதிவுசெய்த மின்னஞ்சல், அழிப்புக் கோரிய தேதி, எந்தத் தகவல் இன்னும் இருப்பதாகக் கண்டீர்கள் என்பதற்கான படம். அவ்வளவு போதும், உங்கள் மனவேதனையை அதில் எழுதவேண்டியதில்லை.

இதெல்லாம் பிறகு. நோட்டீஸின் 15 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எதிர்த்தரப்பு தானே வைத்த கெடு. தாண்டினால் வானம் இடிந்துவிடாது, ஆனால் பதில் தராமல் விட்டால் அதையே உங்களுக்கு எதிராகப் பேசுவார்கள். இந்த வாரத்துக்குள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நோட்டீஸ், அது வந்த உறை, வேலை நியமனக் கடிதம், சம்பளம் வந்ததும் நின்றதும் தெரியும் வங்கிக் கணக்கு விவரம், எடுத்த பிரதிகள் எல்லாம் கையோடு போகட்டும். சம்பளப் பாக்கிக்கு நீங்கள் தனியாக வழக்குப் போட முடியுமா, அதற்குக் காலவரம்பு எப்போது முடிகிறது என்பதையும் அவரிடம் மறக்காமல் கேளுங்கள். நோட்டீஸைக் கண்ட பதற்றத்தில் உங்கள் கடிதத்தில் அந்தக் கேள்வி விடுபட்டிருக்கிறது.